லிகெட்டியின் பியானோ கான்செர்ட்டோ: வாயில் ஏற்றி விரலில் இறக்கும் வழி

பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கத்திலும் பியானோ படிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சித்தூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ கல்பாத்தியிலோ வளர்ந்த பிள்ளைக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் (மேற்கத்திய ஐந்துகோட்டு இசைக் குறியீடு) வகுப்பில் வந்துவிடும். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது மிருதங்கம் தட்டுவதால் சொல்கட்டும் (தாளத்தை வாயால் சொல்லும் 'தகதிமி' வகை எழுத்துகள்) வந்துவிடும். கோயில் செண்டை மேளமான பஞ்சாரி மேளம் திருவிழாவுக்குத் திருவிழா காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஹங்கேரிய-ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜியார்ஜி லிகெட்டி 1985-க்கும் 1988-க்கும் இடையில் எழுதிய பியானோ கான்செர்ட்டோவுக்கு (ஆர்கெஸ்ட்ராவோடு தனிப் பியானோ வாசிக்கும் படைப்பு) இந்த மூன்றுமே வேண்டும். இதில் ஆளைக் கவிழ்ப்பது கணக்குதான், விரல் சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே கணக்கை வாயில் ஏற்றிவிட்டுப் பியானோ மூடியைத் திறப்பது நல்லது.

ஐந்து பகுதிகள், மொத்தம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். முதல் மூன்று பகுதிகள் மட்டும் 1986-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் அரங்கேறின. மூன்றோடு முடிந்ததாக லிகெட்டிக்குத் தோன்றவில்லை. மேலும் இரண்டு எழுதிச் சேர்த்தார். முழுப் படைப்பு 1988 பிப்ரவரி 29 அன்று வியன்னாவில் ஒலித்தது. ஐந்தையும் வாசிப்பது முழுநேரக் கலைஞர்களின் வேலை. பியானோ தேர்வில் எட்டாம் கிரேடு அளவுக்கு வாசிப்பவர் முதல் பகுதியைப் பாதி வேகத்தில், இரண்டு பியானோவில், தடுமாறாமல் கொண்டுவந்தாலே ஆறு மாத உழைப்புக்குப் பலன் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ளது பெரும்பாலும் அந்த முதல் பகுதிக்கானது.

ஒரே தட்டில் இரண்டு நடை

முதல் பகுதியின் தலைக்குறிப்பு 'விவாச்சே மோல்தோ ரித்மிகோ எ ப்ரெச்சீசோ'. விறுவிறுப்பாக, தாளக்கட்டு இறுகலாக, துல்லியமாக என்று பொருள். ஸ்கோரை (எல்லாருடைய பங்கும் எழுதிய இசைப் புத்தகம்) திறந்தால் ஒரு சாராருக்கு 12/8, இன்னொரு சாராருக்கு 4/4 என்று ஒரே பக்கத்தில் இரண்டு அளவு எழுதியிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. இரண்டுக்கும் தட்டு நான்குதான். சதுஸ்ர ஜாதி ஏக தாளம் போடுங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. 12/8-காரர் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் மூன்று வைக்கிறார், அதாவது திஸ்ர நடை. 4/4-காரர் இரண்டு வைக்கிறார். ஒரு பார் (நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று) முடியும்போது அங்கே 12, இங்கே 8.

முதலில் ஒரே ஓர் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் இரண்டுக்கும் பொதுவானது ஆறு. 'தகதிமிதக' என்ற ஆறு எழுத்தை நிதானமாகச் சொல்லுங்கள். வலது கை முதல் 'த', 'தி', இரண்டாவது 'த' ஆகிய மூன்றில் தொடையில் தட்டட்டும். இடது கை முதல் 'த', 'மி' ஆகிய இரண்டில் தட்டட்டும். வரிசை இப்படி வரும்: இரண்டு கையும், வலது, இடது, வலது. இடைவெளிகள் 2, 1, 1, 2. சொல்லை நிறுத்தினால் பலருக்கும் இந்த நான்கு தட்டும் சம இடைவெளியாகிவிடும். இங்கே நடக்கும் முதல் தவறு இதுதான். வாய் நின்றதும் கை சோம்பல்படுகிறது. அதனால் முதல் இரண்டு வாரம் வாயை நிறுத்தவே வேண்டாம். தாளம் தட்டும் கருவியான மெட்ரனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்தால் ஓர் எழுத்துக்கு ஆறில் ஒரு செகண்ட் கிடைக்கும், அதற்கு மேல் அவசரம் வேண்டாம்.

இனி முழு பார். 24 எழுத்தாக எண்ணுங்கள். 12-இன் ஒவ்வொரு சுரமும் 2 எழுத்து நீளம், 8-இன் ஒவ்வொரு சுரமும் 3 எழுத்து நீளம். லிகெட்டி இவற்றைச் சமமாகக் கூறுபோடுவதில்லை, ஒற்றைப்படைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டின் தலையிலும் அழுத்தம் வைக்கிறார். அதற்கு ஒரு பயிற்சி அச்சு தருகிறோம். ஸ்கோரில் உள்ள வரி வேறு, இது கையைப் பழக்க மட்டும். வலது கைக்குப் பன்னிரண்டை 7+5 ஆக்குங்கள்: 'தகிடதகதிமி' 'தகதகிட'. இடது கைக்கு எட்டை 3+3+2 ஆக்குங்கள்: 'தகிட' 'தகிட' 'தக'. பாரின் தொடக்கத்தைப் பூஜ்யம் என்று வைத்தால், வலது கையின் அழுத்தம் 0-இலும் 14-இலும் விழும். இடது கையின் அழுத்தம் 0, 9, 18-இல் விழும். தாளத் தட்டுகளோ 0, 6, 12, 18. கவனியுங்கள்: வலது கையின் இரண்டாவது அழுத்தம் எந்தத் தட்டிலும் விழவில்லை. இடது கையின் நடு அழுத்தம் இரண்டாவது தட்டுக்கும் மூன்றாவது தட்டுக்கும் சரியாக நடுவில் விழுகிறது. இரண்டு கையும் கூடுவது பாரின் தலையில் மட்டும்.

இதை ஏற்றும் வரிசை முக்கியம். வலது கைச் சொல்லை வாயில் சொல்லிக்கொண்டே கையால் தாளம் போடுங்கள், பிறகு இடது கைச் சொல்லை அதே மாதிரி. மூன்றாவதாக வலது கைச் சொல்லை வாயில் வைத்து, இடது கை அழுத்தங்களைத் தொடையில் தட்டுங்கள். நான்காவது இதன் தலைகீழ். இந்த நான்காவது படி வரவில்லை என்றால் பியானோ பக்கம் போகவே வேண்டாம். பியானோவில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தால் தப்பான அழுத்தம் விரலில் உறைந்துவிடும், பிறகு கரைக்க இரண்டு மடங்கு நாள் ஆகும்.

படி தாண்டிய பிறகும் ஒரே ஒரு கட்டையில் தொடங்குங்கள். வலது கை ஒரு சி, இடது கை ஒரு எஃப். அழுத்தமில்லாத சுரங்கள் எல்லாம் மிக மெலிதாக, அழுத்தங்கள் மட்டும் நடுத்தர சத்தத்தில். அழுத்தத்தைத் தோளால் கொடுக்காதீர்கள். முன்கை எடையை விரல் நுனியில் விட்டால் போதும். தோள் ஏறினால் இருபது நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், எழுந்துவிடுங்கள்.

கர்நாடக சங்கீதம் கற்றவருக்கு வரும் சங்கடம்

சொல்கட்டு தெரிந்தவருக்கு இதில் பாதி வழி இலவசம், மீதிப் பாதியில் அதே பழக்கம் காலை வாரும். மோராவோ கோர்வையோ (முடிப்புக்காகக் கட்டிய சொல் வரிசைகள்) எங்கே அலைந்தாலும் சமத்துக்கோ (தாளத்தின் தலை) எடுப்புக்கோ (பாட்டு தொடங்கும் இடம்) வந்து இறங்கும். காதும் அந்த இறக்கத்துக்காகக் காத்திருக்கும். லிகெட்டி அந்த இறக்கத்தைத் தருவதில்லை. விளைவு என்ன? பாரின் கடைசி இரண்டு மூன்று எழுத்தை வாசிப்பவரின் கை தானாகவே சுருக்கும் அல்லது நீட்டும், சமத்தில் 'டம்' என்று விழுவதற்காக. பதிவு செய்து கேட்டால் ஒவ்வொரு பார் தலையும் ஒரு முடிச்சு போலக் கேட்கும். பார் கோடு எல்லாரும் சேர்ந்து நடக்க மட்டும்தான் இருக்கிறது. அதை அழுத்திக் காட்டக்கூடாது.

இன்னொன்று கால். கால் கட்டைவிரலால் தட்டு போடும் பழக்கம் இருந்தால் முதல் நாளே நிறுத்துங்கள். கால் தட்டும் இடத்தில் கையும் அழுத்தும், மறைக்கவே முடியாது. தட்டை உள்ளே மட்டும் எண்ணுங்கள்.

மேள ரசிகருக்கும் ஒரு வார்த்தை. பஞ்சாரி முதல் காலத்தில் 96 அட்சரம், பிறகு 48, 24, 12, கடைசியில் 6 என்று பாதிப் பாதியாகக் குறையும். எத்தனை செண்டை எப்படி உருட்டினாலும் வலந்தலைச் செண்டையும் இலைத்தாளம் என்ற கைத்தாளமும் எல்லாருக்கும் பொதுவான ஒரே தாளத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். கான்செர்ட்டோவில் இலைத்தாளம் இல்லை. பொதுத் தாளம் கண்டக்டர் கையில் சத்தமில்லாமல் இருக்கிறது. மேளத்தில் காதால் பிடித்ததை இங்கே கண்ணால் பிடிக்க வேண்டும். லிகெட்டியின் தூண்டுதல்களும் கிட்டத்தட்ட இந்த உலகத்தைச் சேர்ந்தவைதாம்: மத்திய ஆப்பிரிக்க இசையில் இசை ஆய்வாளர் சிம்ஹா அரோம் ஆராய்ந்து பதிவு செய்த பல்லடுக்குத் தாளங்கள், தானியங்கிப் பியானோவுக்காக இசையமைப்பாளர் கான்லன் நான்கரோ காகிதச் சுருளில் துளையிட்டு எழுதிய படைப்புகள்.

முன்பயிற்சி: முதல் எட்யூட்

கான்செர்ட்டோவுக்கு முன் லிகெட்டியின் எட்யூட் (பயிற்சிப் படைப்பு) முதல் புத்தகத்தில், அதே 1985-இல் எழுதிய முதல் எட்யூடான 'தெஸோர்த்ர'வின் முதல் பக்கத்தை மட்டுமாவது எடுங்கள். வலது கை முழுக்க வெள்ளைக் கட்டை, இடது கை முழுக்கக் கறுப்புக் கட்டை. முதல் இரண்டு பாரும் 3+5, மூன்றாவது 5+3. 'தகிட தகதகிட', மறுபடி அதே, பிறகு 'தகதகிட தகிட'. நான்காவது பாரில்தான் குறும்பு: இடது கைக்கு எட்டு, வலது கைக்கு ஏழு. நான்கு பாருக்கு இடது 32, வலது 31. அங்கிருந்து வலது கை ஒரு சுரம் முந்திப் போகிறது, அடுத்த சுற்றில் இன்னும் ஒன்று. இதில் வரும் வழக்கமான தவறு, முந்திப்போன கையைப் பார்த்து மற்ற கையும் வேகமெடுப்பது. இடது கையைக் குருவாக வைத்து, வலது கைதான் ஓடுகிறது என்று மனதில் பிடித்துக்கொண்டால் சரியாகும்.

வெள்ளையும் கறுப்பும் பிரியும்போது கைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடங்கள் வரும். கறுப்புக் கட்டைக் கை உள்ளே, மூடியின் பக்கமாகத் தள்ளிப் போகட்டும், மணிக்கட்டு சற்று உயர்ந்து. வெள்ளைக் கட்டைக் கை வெளிவிளிம்பில் தட்டையாக. எந்தக் கை மேலே என்பதைப் பென்சிலில் குறித்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் மாற்றாதீர்கள்.

வாத்தியம், வயர், ஈரம்

61 கட்டை கீபோர்டில் இது நடக்காது. 88 கட்டை, எடையுள்ள கட்டை, அவ்வளவு வேண்டும். சர்ச் கீபோர்டில் பழகியவர்கள் கட்டையைத் தொட்டதும் சத்தம் வரும் என்று எதிர்பார்ப்பார்கள், அழுத்த வேறுபாடு விரலில் இருக்காது. அவர்கள் முதலில் ஒரு மாதம் எடைக் கட்டையில் மெதுவான ஸ்கேல் வாசித்துவிட்டு வரட்டும்.

டிஜிட்டல் பியானோவில் புளூடூத் ஹெட்ஃபோன் போடவே கூடாது. சாதாரணமாக அதில் 100 முதல் 200 மில்லி செகண்ட் வரை ஒலி தாமதிக்கும். மெட்ரனோம் 120-இல் இருந்தால் நம்முடைய ஓர் எழுத்து சுமார் 83 மில்லி செகண்ட்தான். ஒன்றிரண்டு எழுத்து பின்தங்கிக் கேட்கும் காதை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் நிற்காது. வயர் உள்ள ஹெட்ஃபோன் போதும், விலை அதிகம் உள்ளது வேண்டியதில்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரைச்சல் கேட்டால் வாத்தியத்தில் கோளாறு என்று பதறாதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் பெரும்பாலும் அப்படித்தான் செய்யும்.

பியானோவே இருப்பவர்களுக்கு வேறு கவலை. அப்ரைட்டில் (நிமிர்ந்து நிற்கும் பியானோ) அதே சுரத்தைத் திரும்ப அடிக்கக் கட்டை கிட்டத்தட்ட முழுக்க மேலே வந்தாக வேண்டும். கிராண்டில் (படுக்கையான பெரிய பியானோ) பாதியிலேயே மறுபடி அடிக்கலாம். அதனால் வேகமான மறு அடிப்புகளில் அப்ரைட் சுரத்தை விழுங்கும். அதை விரல் பலவீனம் என்று நினைத்து இன்னும் ஓங்கி அடிப்பவர்கள் உண்டு. அந்த இடங்களில் வேகத்தைக் குறைப்பதே வழி.

ஜனவரி, பிப்ரவரியில் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து வறட்டுத்தனமாக அடிக்கும். ஜூனில் மேற்கிலிருந்து மழை வந்து எல்லாம் ஈரம். பியானோவின் ஒலிப்பலகை ஈரத்தில் உப்பும், நடு ஸ்தாயி சுருதி ஏறும். வறட்சியில் சுருங்கும், சுருதி இறங்கும். மழைக்கு நடுவில் சுருதி வைத்தால் பிப்ரவரியில் அது கெட்டுவிடும். ஆகவே கச்சேரி எந்த மாதமோ அதற்கு இரண்டு வாரம் முன், ஒத்திகை நடக்கும் அதே இடத்தில் வைத்து ஏ=440-க்குச் சுருதி வையுங்கள். ட்யூனர் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கும் என்பதால் தேதியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கட்டை இறங்கி மேலே வராமல் நின்றால் உள்ளே ஃபெல்ட் உப்பியிருக்கிறது என்று பொருள். எண்ணெய் விடாதீர்கள், மெக்கானிசமே ஒட்டிப்போகும். பியானோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், சுவர் ஈரம் ஏறாது. கரையான் வருகிறதா என்று மாதம் ஒருமுறை பின்பலகையில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் ஒத்திகை

ஆர்கெஸ்ட்ரா பெரியதல்ல: ஒரு புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், கொம்பு, ட்ரம்பெட், ட்ரோம்போன், இரண்டு தாளவாத்தியக்காரர்கள், கம்பி வாத்தியங்கள். இந்த வட்டாரத்தில் அத்தனை பேரைத் திரட்டுவது கஷ்டம். இரண்டாவது பியானோவில் ஒருவர் ஸ்கோரைப் பார்த்து ஆர்கெஸ்ட்ராவின் பங்கை எடுப்பதுதான் நடைமுறை. அவர் எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை, வாசிக்க முயன்றால் தாளம் குழையும். முதலில் உங்கள் நடைக்கு எதிர் நடையில் இருப்பவர்களின் அழுத்தங்கள், அடுத்து தாளவாத்தியம், பிறகு நீண்ட சுரங்கள். இந்த முன்னுரிமையில் எடுத்து மீதியை விட்டுவிடட்டும்.

இரண்டு பியானோவையும் எதிரெதிராக வையுங்கள், ஒருவர் தோள் மற்றவருக்குத் தெரிய வேண்டும். மூன்றாவதாக ஒருவர் நின்று நான்கு போடட்டும். ஆனால் ஏக தாளத் தட்டு வேண்டாம், தட்டும் சத்தம் எல்லாருக்கும் அழுத்தமாகிவிடும். மேற்கத்திய கண்டக்டர் போல, கீழே, இடது, வலது, மேலே என்று சத்தமின்றிக் காட்டட்டும். முதல் ஒத்திகையில் ஒரே வேலைதான்: எட்டு பாரைப் பத்து முறை. எங்கே பிரிகிறார்கள் என்று அந்த மூன்றாவது ஆள் பார் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் ஒரே பாரில்தான் திரும்பத் திரும்பப் பிரிவார்கள். அந்த பாரில் இரண்டு கையின் அழுத்தங்கள் மிக அருகில், ஓர் எழுத்து இடைவெளியில் வருகின்றனவா என்று பாருங்கள். அருகருகே வருபவை காந்தம் போல ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தை மட்டும் 24 எழுத்தில் வாயால் சொல்லிப் பிரித்தெடுக்க வேண்டும்.

டிஜிட்டல் பியானோவின் மிடி பதிவு (எந்தக் கட்டை எப்போது அழுந்தியது என்ற குறிப்பு) இங்கே நல்ல துணை. கம்ப்யூட்டரில் கட்டம் போட்ட திரையில் பார்த்தால் எந்தச் சுரம் எவ்வளவு முந்தியது என்று கண்ணுக்கே தெரியும். காது தன் கைக்குச் சலுகை காட்டும், கட்டம் காட்டாது.

செண்டைக்காரர் நண்பராக இருந்தால் தாளவாத்தியப் பங்கின் பயிற்சிக்கு அவரை அழையுங்கள். ஸ்டாஃப் படிக்க வராவிட்டாலும் அவருடைய வரியை வாய்த்தாரியாக (செண்டைக்கான வாய்ச்சொல்) எழுதிக் கொடுத்தால் போதும், ஒரு மாலையில் பிடித்துக்கொள்வார். மேளத்தில் வருவது போல வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும் ஆசையை மட்டும் முன்கூட்டியே பேசித் தடுத்துவிடுங்கள்.

இரண்டாம் பகுதிக்குப் போகிறவர்கள்

'லென்தோ எ தெஸெர்த்தோ', மெதுவாக, வெறிச்சோடி. இங்கே கணக்கு குறைவு, நிறம் அதிகம். பிக்கலோ என்ற சின்னப் புல்லாங்குழல் தன் அடி ஸ்தாயியில், பசூன் தன் உச்சியில். கிளாரினெட்காரர் ஆல்டோ ஒகரினா என்ற ஊதுகருவியை எடுக்கிறார். தாளவாத்தியக்காரர்கள் நழுவு விசிலும் மவுத் ஆர்கனும் ஊதுகிறார்கள். இவற்றை விளையாட்டுச் சாமான் என்று கடைசி நாள் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒகரினாவில் ஊத்து கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். ஒரே அளவு ஊத ஒரு மாதம் பழக வேண்டும். மவுத் ஆர்கன் அரைச்சுரப் பொத்தான் உள்ள குரோமேட்டிக் வகையாக இருக்க வேண்டும், திருவிழாக் கடையில் கிடைக்கும் சாதாரண வகையில் எல்லாச் சுரமும் இருக்காது. ஜூன், ஜூலை மாலைகளில் தகரக் கூரை மண்டபத்தில் இந்தப் பகுதியை ஒத்திகை பார்ப்பது வீண். மழை சத்தத்தில் எதுவும் கேட்காது.

மண்டபமும் உரிமையும்

கல்யாண மண்டபங்கள் சிமெண்ட் தரையும் வெற்றுச் சுவருமாக எதிரொலிக்கும். முதல் பகுதியின் அழுத்தங்கள் அதில் கஞ்சியாகிவிடும். பின்சுவரிலும் பக்கச் சுவரிலும் பவானி ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டால் எதிரொலி கணிசமாக அடங்கும். தரையிலும் விரியுங்கள். சுரத்தை நீட்டும் சஸ்டெய்ன் பெடலை முதல் பகுதியில் கிட்டத்தட்ட மறந்துவிடுங்கள். சீலிங் ஃபேன் ஸ்கோரைப் புரட்டும், அதனால் பக்கங்களை அட்டையில் ஒட்டி விரித்து வையுங்கள்.

லிகெட்டி காலமானது 2006-இல். இந்தியச் சட்டப்படி அவர் படைப்புகளுக்கு 2066 முடியும்வரை உரிமை உண்டு. வீட்டில் பயிற்சி செய்வதற்குத் தடையில்லை. பொதுமேடையில் வாசிக்க, அல்லது செண்டைக்கோ கீபோர்டுக்கோ மாற்றி எழுதி மேடையேற்ற, பதிப்பாளரான ஷாட் நிறுவனத்திடம் முன்பே அனுமதி வாங்க வேண்டும். கச்சேரித் தேதியை அச்சடித்துவிட்டுக் கடிதம் எழுதாதீர்கள். பதில் வருவதற்கே வாரங்கள் ஆகலாம்.